பெட்டிக்குள் ஓர் ஈயச்சுருள்

ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றக்கூடாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் வற்றி, போன் வந்ததென்று கொஞ்சம் அசந்தால் போதும்... பாட்டி கொடுத்த சொம்பு பர்னரில் வழிந்து கிடக்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயத்தைக் கலந்தால், அந்தக் கலவை இரண்டுக்கும் கீழே, 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. ரேடியோ மெக்கானிக் கடையில் சுருளாகத் தொங்குகிற சால்டரிங் ஈயம் இதுதான். ரேடியோ, டி.வி., டேப் ரெக்கார்டர் என்று பல தலைமுறைச் சாதனங்களை இந்தக் கலவைதான் ஒட்டி வைத்திருந்தது.

அமெரிக்காவில் 1950-களில் தயாரான ஒரு கருவிக்குள், இந்த ஈயத்தின் உறவுக்காரச் சுருள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. யாரோ மறந்துவிட்டுப் போனதில்லை. தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று வைத்து அனுப்பியது.

மருத்துவமனைத் திரையில் இதயத் துடிப்பு மலையும் பள்ளமுமாக ஓடுவதைப் பார்த்திருப்போம். மின்சாரத்துக்கு அந்த வேலையைச் செய்வது ஆசிலோஸ்கோப். ஒரு கம்பியில் மின்னழுத்தம் நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பச்சைக் கோடாக வரைந்து காட்டும். இரண்டாம் உலகப்போரில் ராடார் வேலை பார்த்துத் திரும்பிய ஹோவர்ட் வோலமும், ரேடியோ கடை வைத்திருந்த ஜாக் மர்டாக்கும் 1946-ல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி டெக்ட்ரானிக்ஸ். அடுத்த ஆண்டே 511 என்ற முதல் ஆசிலோஸ்கோப் வெளியே வந்தது. ஐம்பதுகளில் வந்த 535, 545 மாடல்கள் ஆய்வுக்கூடங்களின் பட்டத்து யானைகள். உருவமும் அப்படித்தான். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடை. உள்ளே வரிசை வரிசையாக வெற்றிடக் குழாய்கள். ஒரு மணி நேரம் ஓடினால் அறையே சூடாகிவிடும்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் கண்ணில் படுவது வெள்ளைப் பீங்கான் பட்டைகள். சீப்பின் பற்களைப் போல அவற்றில் வெட்டுகள். எதிரெதிரே நிற்கும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே, ஏணிப் படிகள் மாதிரி ரெஸிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் படுத்திருக்கும். ஒவ்வொரு வெட்டின் உள்பக்கமும் பீங்கானோடு சேர்த்துச் சுட்ட வெள்ளிப் பூச்சு உண்டு. ஈயம் பிடிப்பது அந்த வெள்ளியில்தான். இங்கேதான் சிக்கல். உருகிய சாதா ஈயம், வெந்நீர் கற்கண்டைக் கரைக்கிற மாதிரி வெள்ளியைக் கரைக்கும். நாலைந்து முறை சால்டரிங் அயர்னை வைத்து எடுத்தால் பூச்சு போய்விடும், வெறும் பீங்கான்தான் மிஞ்சும். பீங்கானில் ஈயம் ஒட்டாது. அதற்கு டெக்ட்ரானிக்ஸ் கண்ட வழி, ஈயத்திலேயே 3 சதவிகிதம் வெள்ளியைச் சேர்த்துவிடுவது. ஏற்கெனவே சர்க்கரை கலந்த தண்ணீரில் கற்கண்டு அவ்வளவு சீக்கிரம் கரையாதல்லவா, அந்தக் கணக்கு.

இந்த ஈயம் எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதனால்தான் அதையே கொஞ்சம் சுற்றி, பெட்டிக்குள் ஒரு மூலையில் மாட்டி அனுப்பினார்கள். இந்தக் கருவி ஒருநாள் பழுதாகும், முகம் தெரியாத ஒருவர் அதைத் திறப்பார், அவர் கையில் சரியான ஈயம் இருக்காது என்று யோசித்திருக்கிறார்கள். கூடவே வந்த கையேட்டில் முழு சர்க்யூட் படம் உண்டு. எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எந்த இடத்தில் அலை எப்படித் தெரிய வேண்டும் என்பதெல்லாமும் உண்டு. திறந்தால் வாரண்ட்டி போச்சு என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற காலத்தில் இதைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடிப்பிடித்து உயிர் கொடுப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். போர்ட்லண்ட் பக்கத்தில் டெக்ட்ரானிக்ஸின் முன்னாள் ஊழியர்கள் சேர்ந்து, பழைய டெக்ட்ரானிக்ஸ் கருவிகளுக்கென்றே ஒரு மியூசியம் நடத்துகிறார்கள். அனலாக் சர்க்யூட் வடிவமைப்பில் பெரிய பெயர் வாங்கிய ஜிம் வில்லியம்ஸுக்கு இந்தக் கருவிகள் மேல் தீராத காதல். கல்லூரிப் பட்டம் இல்லாமல் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்தவர் அவர். பழுது பார்ப்பது ஏன் முக்கியம் என்று ஒரு கட்டுரையே எழுதினார். 2011 ஜூனில் அவர் இறந்த பிறகு, கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் அவருடைய வேலை மேசையை, அதன் மேலிருந்த குப்பை கூளத்தோடு அப்படியே கொண்டு வந்து காட்சிக்கு வைத்தது.

ஆனால், ஆசை மட்டும் போதாது. அறுபது வருடம் தாக்குப்பிடித்த கருவி, ஆசையாக வாங்கிய ஒருவரின் மேசையில் ஒரே மாலையில் செத்துப்போவது உண்டு. பெரும்பாலும் காரணம், பழுதான உதிரியை வெளியே எடுக்கும் விதம். இன்னொரு அபாயம், எடுக்கப் போனவருக்கே.

பிளக்கைப் பிடுங்கினாலும்...

இரண்டாவதிலிருந்தே ஆரம்பிக்கலாம். அமெரிக்கச் சந்தைக்குப் போன பெட்டி 117 வோல்ட்டுக்குக் கட்டப்பட்டிருக்கும். நம் வீட்டில் 230. டெக்ட்ரானிக்ஸின் அந்தக்கால டிரான்ஸ்ஃபார்மர்களில் 117, 234 என்று இரண்டு வகைக்கும் இணைப்பு மாற்ற வசதி உண்டு. அது எதில் இருக்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் செருகுவது, பரிசாக வந்த பெட்டியைக் கொளுத்திப் பார்ப்பதற்குச் சமம். பிளக்கில் மூன்றாவது முள், அதாவது எர்த், இருந்தே ஆக வேண்டும். சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை வெட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கருவியின் இரும்புச் சட்டம் முழுக்க அந்த முள்ளை நம்பித்தான் நிற்கிறது.

எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு இங்கேயும் உதவும். கருவியையும் ஒரு 100 வாட் குண்டு பல்பையும் தொடராக இணைத்து ஸ்விட்ச் போட வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எழுபதுகளில் வந்த டிரான்சிஸ்டர் கருவிகளுக்கு இது பொருந்தும். 545 மாதிரி பெட்டி சாதாரணமாகவே 500 வாட் அளவுக்குக் குடிக்கும் என்பதால், அதற்கு இந்தப் பல்பு சோதனை சரிப்படாது.

அடுத்தது கெப்பாசிட்டர். இது மின்சாரத்தின் குடம். குழாயை மூடிய பிறகும் குடத்தில் தண்ணீர் இருக்கிற மாதிரி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இதில் மின்சாரம் இருக்கும். இந்தப் பெட்டிகளில் 350 வோல்ட், 500 வோல்ட் என்றெல்லாம் சப்ளைகள் உண்டு. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து 'பட்' என்று பொறி பறக்க விடுவது சில மெக்கானிக்குகளின் வழக்கம். அதில் ஸ்க்ரூடிரைவர் முனையும் கெடும், கெப்பாசிட்டரும் கெடும், கண்ணில் தெறித்தால் கண்ணும் போகும். 10 கிலோ ஓம், 10 வாட் வயர்வுண்ட் ரெஸிஸ்டர் ஒன்றை நன்றாகக் காப்பிட்ட கம்பிகளோடு எடுத்து, கெப்பாசிட்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே சில விநாடிகள் பிடித்தால், சத்தமில்லாமல் வடிந்துவிடும். பிறகு மல்டிமீட்டரில் பூஜ்யம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். ஏனென்றால், வடித்த கெப்பாசிட்டரில் தானாகவே கொஞ்சம் வோல்ட் ஊறி வரும், கிணற்றில் ஊற்று வருவது மாதிரி.

திரையாக இருக்கும் படக்குழாய் தனி ராஜ்ஜியம். 545-ல் அதற்குப் போவது சுமார் 10,000 வோல்ட். குழாயின் கண்ணாடியே ஒரு கெப்பாசிட்டராகி அதைப் பிடித்து வைத்திருக்கும். மேலே சொன்ன ரெஸிஸ்டர் வைத்தியம் அந்தப் பக்கம் செல்லாது. பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதியை, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடக்கூடாது. சப்ளை இருக்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது பழைய மெக்கானிக்குகள் வழக்கம். இரண்டு கைகளாலும் தொட்டால் மின்சாரம் போகிற பாதை நெஞ்சு வழியாக.

கழற்றுவதற்கு முன்

கருவி வேலை செய்யவில்லை என்றதும் சந்தேகப்பட்டதையெல்லாம் கழற்றிப் பார்ப்பது ஒரு வியாதி. ஒவ்வொரு கழற்றலும் போர்டுக்கு ஒரு காயம். எனவே முதலில் சப்ளை வோல்ட்டேஜ்களை வரிசையாக அளக்க வேண்டும். 500 வரிசைக் கருவிகளில் மைனஸ் 150 வோல்ட்தான் தாய். மற்ற சப்ளைகளெல்லாம் அதைப் பார்த்துத்தான் தங்களைச் சரிசெய்துகொள்ளும். அது நாலைந்து வோல்ட் நகர்ந்திருந்தால் திரையில் தெரிகிற கோளாறு எங்கோ இருக்கும், நோய் இங்கே இருக்கும். அழுக்கேறிய ஸ்விட்சும், சாக்கெட்டில் தளர்ந்த குழாயும் அடுத்த சந்தேகக் கைதிகள். எழுபதுகளின் டெக்ட்ரானிக்ஸ் கருவிகளில் பல டிரான்சிஸ்டர்கள்கூட சாக்கெட்டில்தான் செருகியிருக்கும். சப்ளையை நிறுத்திவிட்டு விரலாலேயே எடுத்துச் சோதிக்கலாம், அயர்னே வேண்டாம்.

அப்புறம் வழக்கமான குற்றவாளிகள். ஐம்பதுகளின் கருவிகளில் வண்ண வளையம் போட்ட கறுப்பு பேப்பர் கெப்பாசிட்டர்கள் இருக்கும். தோற்றத்தை வைத்து அமெரிக்கர்கள் இதற்கு 'வண்டு' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பார்க்க அழகு. உள்ளே காப்பு கெட்டு மின்சாரத்தைக் கசியவிடும். எழுபதுகளின் கருவிகளில் மணி போன்ற டேன்டலம் கெப்பாசிட்டர்கள் திடீரென்று ஷார்ட் ஆகும். இப்படிக் குறி பார்த்த பிறகுதான் அயர்னைச் சூடாக்க வேண்டும்.

யாரைப் பலி கொடுப்பது?

டீசால்டரிங்கில் ஒரே ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். உதிரியா, போர்டா, எதைக் காப்பாற்ற வேண்டும்? கெட்டுப்போன கெப்பாசிட்டருக்குக் கடையில் மாற்று உண்டு. போர்டுக்குக் கிடையாது. ஆனாலும் கை என்னவோ உதிரியை முழுசாக எடுக்கத்தான் துடிக்கிறது. இருபது ரூபாய் ஐ.சி.யைக் காப்பாற்ற, விலைக்கே கிடைக்காத போர்டைச் சுட்டுக் கருக்கியவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

போர்டில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு செம்பு வட்டம் இருக்கும். மெக்கானிக்குகள் 'பேட்' என்பார்கள். இரண்டு பக்கமும் தடம் ஓடும் போர்டில், துளையின் உட்சுவரிலும் மெல்லிய செம்புக் குழல் இருக்கும். வட்டத்தைப் போர்டோடு பிடித்து வைத்திருப்பது வெறும் பசை. அதிக நேரம் சூடு காட்டினால் பசை விட்டுவிடும், வட்டம் அப்பளம் மாதிரி எழும்பிவிடும். ஈயம் முழுதாக உருகுவதற்கு முன் காலைப் பிடித்து இழுத்தால், துளைக்குள் இருக்கும் செம்புக் குழலும் கூடவே உருவிக்கொண்டு வந்துவிடும். மேல் தடத்துக்கும் கீழ்த் தடத்துக்கும் அதுதான் பாலம். போச்சென்றால் கருவியில் புதிதாக ஒரு பழுது, அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

இதற்குப் பழகியவர்கள் செய்வது புதியவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். ஈயத்தை எடுக்க வேண்டிய இடத்தில் முதலில் கொஞ்சம் புது ஈயம் வைப்பார்கள்! நாற்பது, ஐம்பது வருட ஈயத்தின் மேல் ஆக்சைடு படிந்து மங்கியிருக்கும். அயர்ன் நுனியின் சூடு அதைத் தாண்டி உள்ளே போகாது. புது ஈயமும் அதில் இருக்கும் ஃப்ளக்ஸும் சேர்ந்தால் சூடு சட்டென்று பரவி, மொத்தமும் ஒரு பாதரசத் துளி போலப் பளபளக்கும். அந்த நொடியில் டீசால்டரிங் பம்பை நேராக வைத்துப் பட்டனை அழுத்த வேண்டும். நுனியின் சூடு 320-லிருந்து 350 டிகிரி வரை. தொடும் நேரம் மூன்று விநாடி, மிஞ்சினால் நாலு. ஒருமுறையில் வரவில்லையா? ஆறவிட்டு, மறுபடி ஈயம் வைத்து, மறுபடி முயல வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பிடித்தால் வந்துவிடும்' என்ற எண்ணத்தில்தான் போர்டுகள் சாகின்றன.

பம்ப் விட்டுவைத்த மிச்சத்துக்குச் செம்புப் பின்னல் நாடா இருக்கிறது. கடையில் 'டீசால்டரிங் விக்' என்று கேட்டால் கொடுப்பார்கள். நாடாவில் ஃப்ளக்ஸ் தடவி, ஈயத்தின் மேல் வைத்து, நாடாவின் மேல் அயர்னை வைத்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி ஈயத்தை இழுத்துக்கொள்ளும். நாடா ஒட்டிக்கொண்டால் பிய்க்கக்கூடாது. மறுபடி சூடாக்கித்தான் எடுக்க வேண்டும். பிய்த்தால் பேடும் வரும். ஃப்ளக்ஸ் விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. தகர வேலைக்கு வைக்கும் அமிலப் பேஸ்ட் இங்கே கூடவே கூடாது. அன்றைக்கு நன்றாக ஒட்டும், பிறகு கம்பியையே அரித்துவிடும்.

பதினாறு கால் ஐ.சி. கெட்டது நிச்சயம் என்றால், கூர்மையான சின்ன கட்டரால் கால்களை உடம்பை ஒட்டி வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாக எடுப்பது உத்தமம். ஈயம் போனபின் காலை இடுக்கியால் லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் எடுக்கலாம். ஆடவில்லை என்றால் எங்கோ இன்னும் பிடித்திருக்கிறது. வெட்டும்போது துண்டு தெறிக்கும், பம்ப் அடிக்கும்போது ஈயம் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் உட்காரவே கூடாது.

பீங்கான் பட்டைக்கு இந்த வித்தைகளில் பாதி வேண்டாம். வெட்டில் கிடக்கும் கம்பியைச் சூடாக்கி, நோஸ் பிளையரால் மெதுவாக மேலே தூக்கினால் வந்துவிடும். ஆனால் நுனியை வெட்டுக்குள் விட்டு நெம்பினால் பீங்கான் விரிசல் விடும். புது உதிரியை வைக்கும்போது வெள்ளி கலந்த ஈயம்தான். 2 சதவிகிதம் வெள்ளி உள்ளது இப்போதும் விற்பனைக்குக் கிடைக்கிறது.

சாப்பாட்டு மேசையில் வேண்டாமே

இதை வீட்டில் செய்பவர்களுக்கு ஒரு விஷயம். 2006-ல் ஐரோப்பிய யூனியன் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகுதான் எலெக்ட்ரானிக்ஸில் காரீயம் குறைந்தது. பழைய கருவி என்றால் உள்ளே காரீயம் இருக்கிறது என்று அர்த்தம். சால்டரிங் புகையில் காரீயம் பறக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அயர்ன் சூட்டில் காரீயம் ஆவியாகிற அளவுக்குப் போகாது. அந்தப் புகை ஃப்ளக்ஸில் இருக்கும் பைன் பிசினின் புகை. அதுவும் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும் என்பதால் ஜன்னலும் ஃபேனும் அவசியம். காரீயம் உடம்புக்குள் போகிற வழி வேறு: விரலில் ஒட்டி, முறுக்கில் ஒட்டி, வாய் வழியாக.

பம்பைத் திறந்து தட்டும்போது கொட்டுகிற சாம்பல் நிறத் தூள் இதில் மோசம். குழந்தை தவழுகிற வீட்டில் அதைத் தரையில் தட்டிவிட்டுத் துடைப்பத்தால் கூட்டுவதைப் போன்ற தவறு வேறில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும். தனியாக ஒரு டிரே, ஈரத் துணியால் துடைத்தல், தூளை மூடி போட்ட டப்பாவில் சேர்த்தல், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல்... பெரிய செலவில்லாத காரியங்கள். டீ டம்ளர் அந்த மேசைக்கே வரக்கூடாது.

ஐம்பதுகளின் கருவிகளில் தகடு தகடாக அடுக்கிய செலினியம் ரெக்டிஃபையர் இருக்கலாம். அது எரிந்தால் சகிக்க முடியாத நாற்றம் வரும், புகையும் நச்சு. ஸ்விட்சை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும். கையில் அயர்ன் பட்டால், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். இங்க், டூத்பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம்.

எல்லாம் முடிந்து, 545-ன் ஸ்விட்சைப் போட்டால் உடனே ஒன்றும் நடக்காது. குழாய்கள் ஒவ்வொன்றாகச் சிவக்கும். சற்று நேரம் கழித்து உள்ளே ஒரு ரிலே 'டக்' என்று விழும். அதன்பிறகுதான் மெதுவாகத் திரையில் கோடு வரும். பக்கத் தகட்டை மூடுவதற்கு முன், மூலையில் இருக்கும் அந்தச் சின்னச் சுருளை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். முன்னால் திறந்தவர்கள் எடுத்து எடுத்து அது காலியாகியிருந்தால், இரண்டு மூன்று அடி வெள்ளி ஈயம் வாங்கி அதில் சுற்றி வைத்துவிட்டுத் திருகை முடுக்கலாம்.